தோளில் போன வீடு

வார்சினெமின் மரவீட்டுக்கு அடியில் மூங்கில் கொடுத்து நாற்பது பேர் தூக்கினார்கள். வீடு இடம் மாறினால் ஊரே தோள் கொடுக்கும். கூலி, டெம்பே என்ற சோயாக்கட்டி வறுவலும் காப்பியும்தான்.

"மாமாவை அத்துவிட்டுட்டு வீட்டையும் தூக்கிட்டுப் போறியாக்கா?" என்றான் முன்னால் நின்ற சகிமான்.

"வாயை மூடிட்டு நடடா. வயல்ல விழுந்துடப் போற."

"இந்தக் கனம் கனக்குதே, உள்ள நெல்லு மூட்டையா?"

"நெல்லைத் தின்னுறது ஒண்ணு இருக்கு."

சிரிப்பும் கூச்சலுமாக ஓடைக்கரையில் அவள் அம்மா கொடுத்த மனையில் வீட்டை இறக்கினார்கள். கதவு திறந்தது. காப்பி டம்ளரோடு எட்டிப் பார்த்தார் அவள் புருஷன் துக்கிஜோ.

வார்சினெம் இடுப்பில் கைவைத்தாள்.

"தண்ணி இருக்கிற இடத்துக்குப் போலாம்னு பத்து வருஷமாக் கெஞ்சினேன். 'இந்த வீட்டை விட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்'னு சத்தியம் பண்ணீங்க. இப்பவும் நீங்க வைக்கலையேங்க."