பதில் விசில்

"பின்கேட்டுக்கு ஆள் போட்டுட்டீங்களா சார்?"

செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கிசுகிசுத்தார் கொட்டாவி. செம்புக் கம்பிக் கிடங்கின் முன்கேட்டில் இரவுக் காவல் பார்ப்பவர். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளிக்கு எதிரில் வாயைப் பிளந்ததால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளத்தன்று மட்டும் யாராவது சொல்வார்கள்.

"எங்கப்பா போடறது? அங்க உட்காரணும்னு சொன்னாலே ஓடறானுங்க. நீயே ரெண்டு பக்கமும் பார்த்துக்க" என்றார் சூப்பர்வைசர்.

"அப்ப அங்க யாருமே இல்லையா சார்?"

"எத்தனை தடவை சொல்றது?" என்று போனை வைத்துவிட்டார் அவர்.

சற்று முன்புதான் கொட்டாவி விசில் ஊதியிருந்தார். பின்கேட்டிலிருந்து பதில் விசில் வந்திருந்தது.

அந்தக் கிடங்கில் அது வழக்கம். அரை மணிக்கொரு தரம் முன்கேட்டுக்காரர் ஊத வேண்டும், பின்கேட்டுக்காரர் பதிலுக்கு ஊத வேண்டும். ஒருவர் விசில் வராவிட்டால் இன்னொருவர் போய்ப் பார்க்க வேண்டும். போன மாதம் ஒரு ராத்திரி பதில் வரவில்லை. கொட்டாவி போய்ப் பார்த்தபோது, அங்கே வருஷக்கணக்காகக் காவல் இருந்த பெரியண்ணன் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார். மாரடைப்பு என்றார்கள். நாற்காலியையும் அதன் கைப்பிடியில் தொங்கிய விசிலையும் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அவை அப்படியே கிடந்தன.

அதற்குப் பிறகு இந்த ராத்திரிதான், பழக்க தோஷத்தில் கொட்டாவி ஊதிவைத்தார். பதில் வந்தது. அதே விசில்தான். உள்ளே உருளும் குண்டு சிக்கிக்கொண்டு கரகரக்குமே, அதே சத்தம். போனை வைத்த பிறகு விடியும்வரை காலைத் தரையில் வைக்காமல் நாற்காலி மேலேயே குந்தியிருந்தார் மனுஷன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பியதற்கு அவள் இரக்கப்படவில்லை.

"அந்த மனுஷன் செத்தும் டூட்டி பார்க்கிறார். நீங்க உசிரோட இருந்துக்கிட்டுத் தூங்கறீங்க" என்றாள்.

அவள் கவலை அவளுக்கு. மாப்பிள்ளைக்கு வேலை போய், மகள் கைக்குழந்தையோடு இங்கேயே வந்துவிட்டாள். அத்தனை வயிறும் கொட்டாவியின் ஒரு சம்பளத்தை நம்பித்தான் இருந்தன. சூப்பர்வைசரிடமும் வாயைத் திறக்க முடியாது. பேய் என்று சொன்ன பகல் காவல்காரனைக் குடிகாரன் என்று முத்திரை குத்தி ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

ஊதாமலே இருந்துவிட்டால் என்ன என்றும் யோசித்தார். யோசித்த மாத்திரத்தில் அந்த யோசனையைக் கைவிட்டார். விசில் வராவிட்டால் போய்ப் பார்ப்பதுதானே வழக்கம்? பெரியண்ணன் வழக்கத்தை மீறாதவர். எழுந்து வந்துவிடுவாரே!

ஆகவே கொட்டாவி ஊதினார். அரை மணி தவறாமல், கண் இமைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊதினார். ஒவ்வொரு தரமும் இருட்டுக்குள்ளிருந்து கரகரவென்று பதில் வந்தது. இப்போதுதான் நீ பொறுப்பாக வேலை பார்க்கிறாய் என்று சூப்பர்வைசரே மெச்சிக்கொண்டார். பயத்தில் இளைத்துக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பாராட்டு உடம்பில் ஒட்டவில்லை.

அப்புறம் காய்ச்சல் வந்தது. லீவு கேட்டதற்கு, வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்று பதில் வந்தது. மனைவி தடுத்தும் கேட்காமல், போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்க் காவலறையில் சுருண்டார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதில் விசிலை வாயில் நிறுத்தக்கூட முடியவில்லை. ஊத வேண்டிய நேரம் கடந்தது.

பின்கேட்டில் விசில் கேட்டது. தானாக.

கொட்டாவி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். மறுபடியும் விசில். இப்போது கிடங்குச் சுவர் ஓரத்திலிருந்து வந்தது. சரளைக் கல்லில் காலடிச் சத்தம் நறநறத்தது. பேத்தியின் முகம்தான் அவருக்குக் கண்ணெதிரே வந்தது. கடைசி விசில் ஜன்னலுக்கு வெளியே கேட்டது. கதவு திறந்தது.

ஜில்லென்ற ஒரு கை அவர் நெற்றியில் பதிந்தது.

"அண்ணே, உடம்பு அனலாக் கொதிக்குதே. விசில் சத்தத்தைக் காணோமேன்னு பதறிட்டேன். நீங்க படுங்க, ரெண்டு கேட்டையும் நான் பார்த்துக்கறேன்."

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டாவி கண்ணைத் திறந்தார். அது பெரியண்ணன் முகம் இல்லை. ஒல்லியாக, சீருடை இல்லாமல், கழுத்தில் அந்த விசிலோடு யாரோ ஒருவன் நின்றிருந்தான்.

"நீ... நீ யாருப்பா?"

வந்தவன் தலையைச் சொறிந்தான்.

"திருட வந்தவண்ணே. பதில் விசில் வரலைன்னா நீங்க வந்து பார்ப்பீங்களேன்னு முதல் நாள் பயத்துல எடுத்து ஊதினேன்; அன்னியிலேருந்து நீங்க ஊத, நான் ஊத, தினமும் விடிஞ்சுடுது, இன்னும் கிடங்குப் பூட்டுல கை வைக்கவே நேரம் கிடைக்கலைண்ணே."