சிங்கத்தின் கன்னத்தில் ஒரு தூசி

ஸ்டிக்கர் கடையில் கறுப்பு மையில் வரைந்த ஒரு சிங்கத்தின் படத்தை ஸ்கேன் செய்தார்கள். ஸ்கேனர் கண்ணாடியில் கிடந்த தூசி ஒன்று சிங்கத்தின் கன்னத்தில் ஏறிக்கொண்டது.

“அடச்சீ, இறங்குடா!” என்று உறுமியது சிங்கம்.

“கம்ப்யூட்டருக்கு நீங்களும் கறுப்பு, நானும் கறுப்புதாண்ணே,” என்றது தூசி.

அது சொன்னபடியே கம்ப்யூட்டர் இரண்டையும் சுற்றிக் கோடு போட்டது. வெட்டும் மெஷினின் கத்தி அந்தக் கோட்டிலேயே ஸ்டிக்கரை வெட்டியது. கடைக்காரர் கவனிக்காமல் அதைத் துரைக்கண்ணுவின் ஆட்டோவில் ஒட்டிவிட்டார்.

மறுநாள் இன்னொரு ஆட்டோக்காரர் வந்தார். “துரைக்கண்ணு வண்டியில கன்னத்துல மச்சம் வச்ச சிங்கம் ஒண்ணு இருக்கே, அதே எனக்கும் வேணும்ணே.”

பிறகு ஊரெல்லாம் அதே சிங்கம்தான்.

ஒருநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த கடைக்காரர், “அட, இது தூசியாச்சே!” என்று அழிக்கப் போனார்.

சிங்கம் பதறியது. “யோவ், கையை எடு! எங்க பரம்பரைக்கே அந்த இடத்துல மச்சம் உண்டு!”