மூன்று மணிக்கு வைஃபை நிற்கும்

"மூன்று மணிக்கு மருத்துவமனை முழுவதும் வைஃபை பதினொரு நிமிடம் நிற்கும்" என்று அண்ணி ஒலிபெருக்கியில் இரண்டாம் முறையாகச் சொல்லி முடித்தாள்.

வரவேற்பு மேசை அண்ணியுடையது. முடித்த கையோடு கணினி அறையில் இருந்த அவளை இன்டர்காமில் கூப்பிட்டாள்.

"நான் ஊரைக் கூட்டிச் சொல்லியாச்சு. ஒரு செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குற ஆளு நீ. கடைசி நேரத்துல பின்வாங்கி என் மானத்தை வாங்கிடாத."

அண்ணி சொன்னது உண்மை என்பதுதான் சிக்கல்.

கட்டடத்தில் உள்ள நூற்று எண்பத்து நான்கு வைஃபை பெட்டிகளையும் கட்டி மேய்ப்பது ஒரே ஒரு கன்ட்ரோலர். அதன் சாஃப்ட்வேருக்குப் புதிய பதிப்பு வந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. ஏற்றலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இன்னும் நிரந்தரமும் ஆகவில்லை.

நோட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள்.

ஏற்றாவிட்டால்: பழைய பதிப்பில் ஓட்டை இருக்கிறது. விவரம் தெரிந்தவன் எவனும் வெளியே சாலையில் நின்றபடியே நோயாளிகளின் கோப்புக்குள் புகுந்துவிடலாம்.

ஏற்றினால்: போன முறை ஏற்றியபோது நான்கு மணி நேரம் வைஃபை எழுந்திருக்கவில்லை. ஏற்றியவர் இப்போது இங்கே வேலையில் இல்லை.

இடது பக்கம் ஒன்பது வரி. வலது பக்கம் இந்த இரண்டே வரி. எடை என்னவோ வலது பக்கமே கூடுதலாக இருந்தது.

மேலாளரிடம் போய்க் கேட்டபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. முடிவு உன்னுடையது, புகார் வந்தால் அதுவும் உன்னுடையது என்றார்.

அவசரப் பிரிவின் கணினிகள் கம்பி இணைப்பில் ஓடுகின்றனவா என்று நான்காம் முறையாகச் சரிபார்த்தாள். ஓடின. பழைய அமைப்புகளைப் பிரதி எடுத்தாயிற்றா? ஆயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பிரதிக்கும் ஒரு பிரதி எடுத்தாள்.

மணி மூன்று.

விரல் மவுஸின் மேல் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணினாள்.

மூன்று ஒன்றுக்கு இன்டர்காம் அலறியது.

"என்ன தங்கச்சி, நல்லா ஓடிட்டிருந்ததை இப்படிப் பண்ணிட்டியே!" மருந்தகத்து அண்ணன். பிரிண்டர் பாதித் தாளை மென்று துப்புகிறதாம்.

அடுத்து ஆய்வுக்கூடம். திரையில் எழுத்தெல்லாம் சின்னதாகிவிட்டது என்றார்கள். எக்ஸ்ரே அறையில் படம் மங்கலாக வருகிறதாம். பல் மருத்துவருக்குப் புதிய வைஃபை வந்ததிலிருந்து தலை விண்விண் என்று தெறிக்கிறதாம்.

"நான் தொட்டா போதும், இந்த டேப் ஸ்கிரீன் என்னை முறைக்குதுடி" என்றாள் தலைமை நர்ஸ் அக்கா.

லிஃப்ட் மாமா நேரிலேயே இறங்கி வந்துவிட்டார். மூன்றாவது மாடியில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்குகிறது, இத்தனை வருடத்தில் இப்படி ஆனதே இல்லை.

லிஃப்டுக்கும் வைஃபைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அவள் போனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். வேறென்ன செய்வதென்று தெரியாமல், வந்த புகாரையெல்லாம் நேரம் போட்டு எழுதிக்கொண்டே போனாள்.

பதினேழாவது புகார், மேலாளரே. மூச்சிரைக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், நான் இன்னும்..."

"பேசாத. புதுசும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். பழசையே போட்டுத் தொலை."

அவள் நோட்டின் இடது பக்கத்தை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

பிறகு, தன்னுடையது என்று அவளாலேயே நம்ப முடியாத நிதானமான குரலில், "பதினொரு நிமிஷம் ஆகும் சார். அதுவரைக்கும் வைஃபை சுத்தமா இருக்காது" என்றாள்.

பழைய வைஃபையே திரும்பி வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணி அறிவித்தாள். வராந்தாவில் யாரோ கைதட்டினார்கள்.

மூன்று முப்பத்தேழுக்கு, திரையில் வைஃபை பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. கடைசிப் பெட்டி மாறும்வரை அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இன்டர்காம் அடித்தது.

மருந்தகத்து அண்ணன்தான். "அப்பாடா, இப்பத்தான் தங்கச்சி உயிரே வந்துச்சு!"

எக்ஸ்ரே படத்தில் எலும்பு எலும்பாகத் தெரிகிறதாம். பல் மருத்துவருக்குத் தலைவலி போன இடம் தெரியவில்லை. லிஃப்ட் மாமா மறுபடி இறங்கி வந்து, இப்போது லிஃப்ட் தொட்டில் மாதிரிப் போகிறது என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

மேலாளரின் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா? பழசுன்னா பழசுதான். ஆனா ஒண்ணு, நீ சொன்ன பேச்சைக் கேக்குற பொண்ணு. நாளைக்கு வந்து நிரந்தர ஆர்டரை வாங்கிக்க."

அவர் போனதும் பதிவேட்டை இழுத்தாள். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பது விதி. அதை அவள் ஒரு நாளும் மீறியதில்லை.

புகார்கள்: பதினேழு. 3.01 முதல் 3.25 வரை.

புதிய பதிப்பை ஏற்ற முதன்முதலாகப் பொத்தானை அழுத்திய நேரம்: 3.26.

அதற்குப் பின் புகார்: இல்லை. பாராட்டு: எட்டு.