ஏழு நொடி

"பதினோரு நாளா எங்க கட்டடத்துல ஹீட்டர் இல்ல, மார்வெல்லா. குழாய்த் தண்ணி உறைஞ்சுபோச்சு. ராத்திரியில நாங்க..."

வானொலியில் லாவோனின் குரல் சட்டென்று அறுந்தது.

"அது கிடக்கட்டும்," என்றாள் மார்வெல்லா. "நம்ம பாட்டுக்காரி மறுபடியும் மோதிரத்தைக் கழட்டிட்டாளாமே. இப்ப யாரோட சுத்துறா தெரியுமா? பழைய டிரைவரோட. அந்த வயித்தெரிச்சலுக்கு ஒரு பாட்டுக் கேப்போம்."

முடி நீவிக்கொண்டிருந்த கார்லிஸின் கையில் சூட்டுச் சீப்பு அப்படியே நின்றது.

கிளீவ்லாந்தின் கிழக்குப் பக்கத்தில், சனிக்கிழமை பத்து மணிக்கு எந்த முடி அலங்காரக் கடையிலும் வானொலியில் மார்வெல்லாதான் பேசிக்கொண்டிருப்பாள். முதலில் நட்சத்திரங்களின் வம்பு. அப்புறம் கறுப்பர் வரலாற்றிலிருந்து ஒரு கதை. கடைசியில் தொலைபேசியில் பேட்டைக்காரர்களின் குறை. அந்த வரிசையை அவள் மாற்றியதே இல்லை.

"நல்லா இருக்குடி நியாயம்," என்றாள் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெட்டினா. "இப்பத்தான், அட்லாண்டா சலவைக்காரிங்க அந்தக் காலத்துலயே வேலைநிறுத்தம் பண்ணின கதையச் சொல்லி என்னை அழவச்சா. அஞ்சு நிமிஷம் ஆகல, ஒரு ஏழை வாயை அடைக்கிறா."

"நேரம் முடிஞ்சிருக்கும்," என்றாள் கார்லிஸ்.

"டிரைவர் கதைக்கு மட்டும் நேரம் இருக்கா? கட்டடத்துக்காரன் அவ நிகழ்ச்சிக்கு விளம்பரம் குடுத்திருப்பான். எழுதி வச்சுக்க."

கார்லிஸுக்கும் அப்படித்தான் பட்டது. வானொலிக்குப் போன் போடும்படி லாவோனிடம் சொன்னதே அவள்தான். முன்னால் யார் இருக்கிறார் என்று சொல்லாமலே, பேரைச் சொல்லாதே என்று எச்சரித்து, கடையின் பின்னறையில் உட்காரவைத்திருந்தாள். ஏனென்றால் இப்போது அவள் முடி நீவிக்கொண்டிருந்தது திருமதி கெய்தருக்கு. லாவோன் குடியிருக்கும் லார்ச்மீட் கட்டடத்தின் நிர்வாக அலுவலகத்தில் வேலை செய்பவள். எந்த வீட்டில் யார் யார் இருக்கலாம் என்ற பட்டியல் அவள் மேசையில்தான் இருந்தது.

கார்லிஸ் கண்ணாடியில் கெய்தரின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"காதைச் சுட்டுடாதம்மா," என்றாள் கெய்தர். அவ்வளவுதான்.

உள்ளுக்குள் மனம் குளிர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள் கார்லிஸ்.

பின்னறைக் கதவு திறந்தது. லாவோன் கையில் போனோடு ஓடிவந்தாள்.

"அக்கா, ரெஜியைப் பத்திச் சொன்னது ரேடியோவுல வந்துச்சா?"

"எந்த ரெஜி?" என்றாள் பெட்டினா.

"என் தம்பி. ஜெயில்லேருந்து வந்து ரெண்டு மாசமா எங்கூடத்தான் இருக்கான். குளிருக்கு நாலு பேரும் அடுப்பைப் பத்தவச்சு அதோட கதவைத் திறந்துவச்சுக்கிட்டுப் படுக்கிறோம்னு சொல்ல வந்தவ, அவன் பேரையும் சொல்லிட்டேன், கதவு நம்பரையும் சொல்லிட்டேன்."

"லாவோன்," என்றாள் கார்லிஸ்.

அவள் நிறுத்தவில்லை. "நாம பேசுறது ஏழு நொடி கழிச்சுத்தான் வெளியில போகுமாம். அதுக்குள்ள மார்வெல்லா பட்டனை அழுத்தி அதை அழிச்சுட்டா. பாட்டைப் போட்டுட்டு அவளே லைன்ல வந்து திட்டுறா. 'வாடகைப் பத்திரத்துல பேர் இல்லாத ஆளை வச்சிருக்கேன்னு ஊரைக் கூட்டிச் சொல்றியே, கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளிடுவாங்க பொண்ணே. பிள்ளைங்களோட எங்க போவ? ஹீட்டரை நான் பாத்துக்கறேன், நீ வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ'ன்னா."

பெட்டினா தரையைப் பார்த்தாள்.

கார்லிஸ் கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அதில் கெய்தரின் கண்கள் லாவோன் மேல் இருந்தன. லாவோனும் இப்போதுதான் கண்ணாடிக்குள் அந்த முகத்தைக் கண்டாள்.

பாட்டு முடிந்தது. "லார்ச்மீட் கட்டடம்," என்றது மார்வெல்லாவின் குரல். "பதினோரு நாளா ஹீட்டர் இல்ல. யார் வீடு, எந்த வீடுங்கிறது முக்கியமில்ல, அத்தனை வீடும்தான். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நிர்வாக அலுவலக வாசல்ல நிப்போம். போர்வையோட வாங்க. சலவைக்காரிங்களுக்கு இருந்த தைரியத்துல பாதியாவது நமக்கு வேணும்."



"மிஸஸ் கெய்தர்," என்று தொடங்கினாள் லாவோன்.

கெய்தர் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் முடி எப்போதோ உலர்ந்து, பாதிக்கு மேல் நீவியும் ஆகியிருந்தது. கழுத்தில் கட்டிய துணியோடு மூலைக்கு நடந்துபோய், காலியாக இருந்த முடி உலர்த்தும் ட்ரையருக்கு அடியில் உட்கார்ந்தாள். அதன் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, விசையைத் திருப்பினாள். உள்ளே பெரும் இரைச்சலோடு காற்று சுழலத் தொடங்கியது.