கடைசி அறை ஜன்னல்

கேகாலையில் வாங்கி வந்த பூப்போட்ட திரைத்துணியை விரித்துப் பார்த்ததும் பாக்கியம் பதறிப்போனாள்.

"இது மெல்லிசுங்க. விளக்கு போட்டா உள்ள இருக்க ஆளு அப்படியே தெரியும்."

ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேலாயுதம் மறுபேச்சில்லாமல் திரும்பவும் பஸ் ஏறிப் போய், கனத்த கருநீலத் துணி வாங்கி வந்தார். அவர்கள் இருந்தது வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வீடு. ஜன்னல் ஒவ்வொன்றும் கதவு உயரம். பொழுது சாயக் கடைசி அறையில் திரையை மாட்டிவிட்டு அவர் ஸ்டூலை விட்டு இறங்கவும், வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பொடியன் எவனாவது இங்கே தங்கியிருக்கிறானா?" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

"சாமி சத்தியமா அப்படி யாரும் இல்லீங்க மாத்தயா," என்றாள் பாக்கியம்.

கணக்கப்பிள்ளையின் முகத்துக்காக சார்ஜன்ட் உள்ளே நுழையவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. டோர்ச்சோடு வீட்டைச் சுற்றி வந்து ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார். கடைசி ஜன்னலில் வெளிச்சம் வெகுநேரம் நின்றது. பாக்கியம் கணவரின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

ஒருவழியாக ஜீப் கிளம்பிப் போனது.

கடைசி அறைக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒருவன் ஊர்ந்து வந்தான். பக்கத்துக் கிராமத்துக் குசுமாவின் மகன் நிஹால்; பட்டாளத்தை விட்டு ஓடி வந்தவன். சிங்களச் சிப்பாயைத் தமிழர் வீட்டில் யார் தேடப் போகிறார்கள் என்றுதான் குசுமா அழுதுகொண்டே அவனை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தாள்.

"என்னைப் பிடிக்கத்தானே வந்தார்கள், மாமா?" சிங்களத்தில் கேட்டான்.

"நீ பயப்படாத மகனே," என்றார் வேலாயுதம். "எங்க ஆளுங்களத்தான் தேடுறாங்க."