ஷர்லியின் நிதானம்

சென்னை அலுவலகத்தில் காலையிலிருந்தே பதற்றம். மதியம் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய மென்பொருள் யாருடைய கணினியிலும் ஓடவில்லை. அதில் சேர்த்திருந்த லைப்ரரிகள் என்னும் துணை மென்பொருள்களுக்கு முந்தைய நாள் புது வெர்ஷன் வந்திருந்தது. எல்லோரும் உடனே அப்டேட் செய்திருந்தார்கள்.

ஆவூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஷர்லியின் கணினியில் மட்டும் அது ஓடியது.

மேனேஜர் முகுந்தன் போனில் கேட்டார். "உங்ககிட்ட மட்டும் எப்படிங்க ஓடுது?"

"என்கிட்ட பழைய வெர்ஷன்தான் சார் இருக்கு. எந்த லைப்ரரிக்கு எந்த வெர்ஷன்னு லிஸ்ட் அனுப்புறேன். எல்லாரும் அதையே போட்டுக்கிட்டா ஓடிரும்."

அப்படியே செய்தார்கள். வாடிக்கையாளர் திருப்தியோடு போனார். மாலையில் மொத்தக் குழுவையும் போனில் இணைத்து முகுந்தன் பேசினார்.

"புதுசுன்னதும் எல்லாரும் ஓடிப்போய் அப்டேட் பண்ணீங்க. ஷர்லி மட்டும்தான் நிதானமா இருந்தாங்க. அதுக்காக அவங்களுக்குக் கம்பெனி ஒரு பரிசு தருது. விவரம் மெயில்ல இருக்கு."

பேசி முடித்ததும் பக்கத்தில் இருந்த ஷர்லியின் அப்பா ஞானமணி கேட்டார். "இம்புட்டுப் பாராட்டுறாங்க, நீ ஏம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்க?"

"நானும் நேத்தே அப்டேட் போட்டுட்டேன்ப்பா. நம்ம ஊரு நெட்டுல அது இன்னும் பாதிகூட எறங்கல."

"அதை நீ ஏன் சொல்லப் போற? பரிசு என்னன்னு பாரு."

ஷர்லி மெயிலைத் திறந்து படித்தாள்.

"நம்ம வீட்டுக்கு அதிவேக இன்டர்நெட் போட்டுத் தாராங்களாம்ப்பா."