பனிக்கட்டிக்குள் கார்டு

ஏடிஎம் கார்டைத் தண்ணீர் நிறைந்த டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும் என்பது, செலவைக் குறைக்க மங்கையர்க்கரசி தன் குடியிருப்பில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த வழி. "ஐஸ் உருகுறதுக்குள்ள வாங்கணும்ங்கிற ஆசையே போயிடும்" என்பாள். போனில் பணம் அனுப்பும் செயலியையும் அழிக்கச் சொல்லியிருந்தாள்.

இப்போது மருத்துவமனை கவுன்டரில் அந்தப் பனிக்கட்டியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றாள். குழாயில் காட்டியும் பாதிதான் கரைந்திருந்தது. உள்ளே தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் கணவர். முன்பணம் கட்டச் சொல்லியிருந்தார்கள்.

"உடைச்சிடலாமாக்கா?" என்றாள் கூட வந்த எதிர்வீட்டு சுகிர்தா.

"கார்டும் சேர்ந்து உடைஞ்சிடும்டி. உன்னோடது இருந்தா குடு, நாளைக்கே தந்துடறேன்."

சுகிர்தா தலைகுனிந்தாள். "என்னோடதும் ஃப்ரீசர்லதான்க்கா இருக்கு."

பிறகு அவளும் தன் கைகளை அதன்மேல் வைத்தாள். நான்கு உள்ளங்கைகளும் மரத்துப்போயின. கார்டின் ஒரு மூலை வெளியே தெரிந்தபோது, உள்ளேயிருந்து வந்த நர்ஸ் கவுன்டரில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் கார்டு தேய்க்கும் மெஷினை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருங்க சார், வந்துடுச்சு" என்று மங்கையர்க்கரசி கட்டியை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டே இருந்தாள்.